காமிராவின் குறையும் காரணமும்

கையடக்கமான டிஜிட்டல் காமிரா திடீரென்று இயங்க மறுத்தால் நாம் என்ன செய்கிறோம்? தட்டுகிறோம், குலுக்குகிறோம், கண்ணில் பட்ட பொத்தான்களையெல்லாம் அழுத்துகிறோம். நோய் இன்னதென்று அறியுமுன் மருந்து கொடுப்பது போன்றது இது. இந்த அவசரத்தால் நான் இழந்த ஒன்றைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் குறைகளை மின்சக்தி, ஒளி, நினைவட்டை என்று வகுத்துக்கொண்டு ஆராய்வோம்.

காமிரா உயிர் பெறவில்லையென்றால் பாட்டரியைப் பாருங்கள். சார்ஜ் ஏற்றிய பின்னும் பயனில்லையெனில், அதன் உலோக முனைகளை உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். நெடுங்காலம் கிடந்த லிதியம் அயான் பாட்டரி வலிமை இழந்திருக்கவும் கூடும். உப்பியிருந்தால் அதனைப் பயன்படுத்தவே கூடாது. லென்ஸ் பாதியில் நின்றுவிட்டதா? மின்சக்தி குறைந்திருக்கலாம், மணல் துகள் சிக்கியிருக்கலாம். வலிந்து தள்ளினால் உள்ளேயுள்ள நுண்ணிய பற்சக்கரங்கள் பழுதுபடும்.

அடுத்து ஒளி. மாலையில் எடுக்கும் படம் ஏன் கலங்குகிறது? வெளிச்சம் குறையும்போது, போதிய ஒளியைத் திரட்டுவதற்காகக் காமிரா கூடுதலான நேரம் எடுத்துக்கொள்கிறது. ஒரு வினாடியில் 15-இல் ஒரு பங்கு நேரம்தான் என்றாலும், அதற்குள் நம் கை அசைந்துவிடுகிறது. காமிராவை மேசைமீது ஊன்றி வையுங்கள். பொத்தானைப் பாதி அழுத்தி, உருவம் தெளிந்தபின் முழுவதும் அழுத்துங்கள். பிளாஷ் படங்களில் மிதக்கும் வெண்ணிற வட்டங்களைப் பேய் என்று அஞ்சுவோரும் உண்டு. சிறிய காமிராவில் பிளாஷ் விளக்கு லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால், முன்னே பறக்கும் தூசியில் பட்ட ஒளி நேரே லென்ஸுக்குள் திரும்புகிறது. பேய் வேறொன்றுமில்லை, தூசிதான்!

இனி நினைவட்டை. அட்டை பூட்டப்பட்டிருப்பதாகக் காமிரா அறிவித்தால், அட்டையின் ஓரத்திலுள்ள சிறிய தாழை நகர்த்தினால் போதும். அட்டையில் பிழை என்று அறிவித்தால், காமிராவை அணைத்து, அட்டையை எடுத்து மீண்டும் செருகிப் பாருங்கள். அப்போதும் படிக்கவில்லையெனில் கணினியில் இட்டுப் பாருங்கள். பார்மட் செய்யலாமா என்று காமிரா கேட்டால் மட்டும் இசைந்துவிடாதீர்கள்.

நான் இசைந்தேன். எனக்குப் பாடஞ்சொல்லும் முறையைக் கற்பித்த முதிய ஆசிரியரை, அவர் வீட்டுத் திண்ணையில் அமர்த்திப் படமெடுத்திருந்தேன். மறுநாள் அட்டையில் பிழை தோன்றியது. அவசரத்தில் பார்மட் செய்தேன்; அத்தோடு நில்லாமல், அதே அட்டையில் மேலும் பல படங்கள் எடுத்தேன். பார்மட் என்பது பெரும்பாலும் நூலின் பொருளடக்கத்தைக் கிழிப்பது போன்றது. பக்கங்கள் உள்ளேயே இருக்கும். புதிய படங்கள் எடுக்காதிருந்தால், மீட்பதற்கென உள்ள மென்பொருளைக் கொண்டு அவற்றை மீட்டிருக்கக் கூடும். என் புதிய படங்களோ அப்பக்கங்களின்மேலேயே எழுதப்பட்டுவிட்டன. மீண்டும் ஒரு படமெடுக்க அவர் இன்று இல்லை.

இயந்திரம் செய்த பிழை சிறிது. என் விரல் செய்த பிழை பெரிது. ஆகவே, குறை தோன்றியவுடன் கையை நிறுத்துங்கள், காரணத்தைத் தேடுங்கள், எளிய சோதனையிலிருந்து தொடங்குங்கள். அருமையான படங்களுக்கு அன்றே ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.