மீட்டரில் ஐம்பது, மெஷினில் எவ்வளவு?



2002-இல் இன்டெல் ஹைப்பர்த்ரெடிங்கைக் கொண்டுவந்தது. ஒரே கோர், இயக்க முறைமைக்கு இரண்டு பிராசஸராகத் தெரியும். ஆனால் கணக்குப் போடும் உறுப்புகளும் கேஷும் இரண்டுக்கும் பொதுதான். ஒரே அடுப்பில் இரண்டு பேர் சமைக்கிற மாதிரி.

நான்கு கோர் மெஷினில் நான்கு வேலைகள் ஆளுக்கொரு கோரில் முழுமூச்சாக ஓடினால், மீட்டர் 50 சதவீதம் காட்டும். "இன்னும் பாதி இருக்கு சார், சம்பளப் பட்டியலையும் இதிலேயே ஓட்டிடலாம்" என்பார்கள். அன்று இன்டெல் சர்வர்களுக்குச் சொன்ன கூடுதலே அதிகபட்சம் 30 சதவீதம்தான். நம்பி ஏற்றினால் மாதக் கடைசியில் சம்பளம் தாமதமாகும்.

ஆகவே தம்பி தங்கைகளே, உங்கள் வேலையையே கூட்டிக்கூட்டி ஓட்டிப் பாருங்கள். மணிக்கு எத்தனை முடிகிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை ஏறாமல் நிற்கும் இடம்தான் உங்கள் நூறு.