விதைக்கும் முன்னே விலை

கிரிவலத்துக்குத் திருவண்ணாமலை வருகிற பலரும் போளூர் தாண்டி ஜவ்வாது மலைக்கு ஏறிப் பார்த்திருக்க மாட்டார்கள். மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர் அது. சாமை, புளி, தேன், பலா எல்லாம் அங்கிருந்து இறங்குகின்றன. வெள்ளைக்காரர் காலத்தில் இன்னொரு பயிரும் இருந்தது. பிரிட்டிஷ் அரசு 1893-94இல் நடத்திய கஞ்சா விசாரணையில், சென்னை மாகாணத்தில் கஞ்சா விளைந்த இடங்களில் ஒன்றாக ஜவ்வாது மலையும் வருகிறது.

இன்று அங்கே அதைப் பயிரிட்டால் சிறைதான். ஆனால் நாருக்காகவும் விதைக்காகவும் வளர்க்க 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டமே 14ஆம் பிரிவில் வழி வைத்திருக்கிறது. 2018இல் உத்தராகண்ட் முதலில் அந்த வழியில் போனது. அந்த மாநில விதிப்படி, போதை தரும் டிஎச்சி 0.3 சதவீதத்தைத் தாண்டினால் பயிரை அழித்துவிட வேண்டும். கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது, ஆய்வகம் வேண்டும். ஒரு போகம் அழிந்தால் கம்பெனி தாங்கும். அரை ஏக்கர் வைத்திருப்பவர் வட்டிக்கடைக்குத்தான் போவார்.

சட்டம் அனுமதித்துவிட்டால் மட்டும் விவசாயி பிழைத்துவிடுவாரா? நம் மாநில மலரான செங்காந்தளைப் பாருங்கள். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் அதைக் கண்வலிக்கிழங்கு என்பார்கள். கம்பிப் பந்தலில் கொடி ஏற்றி, காலையில் ஒவ்வொரு பூவாகக் கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்க வேண்டும். விட்டால் காய் சரியாகப் பிடிக்காது. அந்த விதையிலிருந்துதான் மூட்டுவலிக்கான கால்ச்சிசின் மருந்து வருகிறது, வெளிநாடுகளுக்கும் போகிறது. தடையில்லாத மருந்துப் பயிர்தான். ஆனாலும் அறுவடை நேரத்தில் விலை சொல்வது வியாபாரி. அரசே விலை நிர்ணயிக்க வேண்டும் என்று விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் உரிமம் பெற்று அபின் பயிரிடுகிறவர்களுக்கு இந்தத் தவிப்பு இல்லை. விலையை மத்திய அரசு அறிவிக்கிறது, அரசே வாங்கிக்கொள்கிறது. கெடுபிடி அதிகம்தான், ஆனால் வாங்க ஆள் உண்டு.

நாளைக்குத் தமிழ்நாட்டில் நாருக்காகவோ மருந்துக்காகவோ கஞ்சாச் செடிக்கு அனுமதி வந்தால், உரிமம் மலை மக்களின் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். சோதனைச் செலவை வாங்குகிறவர் ஏற்கட்டும். விலை எழுத்தில் வந்த பிறகே விதை மண்ணில் விழட்டும். கண்வலிக்கிழங்குக்கு இப்படி முன்கூட்டியே விலையை எழுதித் தர எந்தப் புதுச் சட்டமும் வேண்டாம், இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம்.