தீவகத்தை ஆண்டவர்களும் எண்ணியவர்களும்

(இந்து வாலிபர் சங்க ஆண்டு விழாவிலே நிகழ்த்திய உரை)





சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவிலே மாணவர் சார்பிற் பேசும்படி எங்களைப் பணித்த பெரியோர்க்கு நன்றியுடையோம். நாம் எடுத்துக்கொண்ட பொருள் தீவகத்தின் பரிபாலன வரலாறு. மணியகாரரும் விதானையாரும், வரியும் கச்சேரியும் வருகின்ற கதையிலே என்ன சுவை இருக்கப் போகின்றது என்று தோழர் சிலர் எண்ணக்கூடும். ஆனால், ஒரு நிலத்தை ஆள வந்தவன் அங்கே முதலில் எதை எண்ணிக் கணக்கெடுத்தான் என்பதைப் பார்த்துவிட்டால், அவன் எதற்காக ஆள வந்தான் என்பது தானே விளங்கிவிடும். அந்தக் கண்கொண்டு நமது தீவுகளின் கதையைச் சற்றே நோக்குவோம்.

மிசன் பாடசாலையிலே படித்த நாம் ஐரோப்பிய அரச வம்சங்களையும் போர்களையும் ஓரளவு நெட்டுருச் செய்தவர்கள். ஒஸ்திரியப் பேரரசின் கீழ்க்கோடியிலே புக்கோவினா என்றொரு நாடு இருந்தது. 1775 இல் அது ஒஸ்திரியாவின் கையிற் சேர்ந்தது. 1918 இல் பேரரசு சிதைந்தபோது ருமேனியாவுக்குப் போயிற்று. இரண்டாம் உலகப் போரோடு அதன் வடபாகம் சோவியத்து ஒன்றியத்துள் அடங்கியது. 1991 இல் சுதந்திர உக்ரேனின் பகுதியாயிற்று. அதன் தலைநகர் செர்னோவிட்ஸ் என்றும், செர்னவுட்சி என்றும், செர்னிவ்ட்சி என்றும் ஆட்சிக்கு ஆட்சி வேறுவேறாக எழுதப்பட்டது. 1910 இல் அங்கே பிறந்து எண்பத்திரண்டு வயதுவரை வாழ்ந்த ஒருவர், தம் வீட்டுத் திண்ணையை விட்டு அசையாமலே நான்கு அரசுகளின் குடியாகியிருப்பார். இதைப் படித்த காலத்திலே அது எங்கோ தூரதேசத்து விந்தையாகத் தோன்றியது. ஊர்காவற்றுறையின் பெயர்களை ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தால் அந்த விந்தை நம் வாசலிலேயே இருப்பது தெரியும்.

நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலயத்திலே ஒரு கற்சாசனம் உண்டு. பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை அரசு செய்த முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது; தமிழிலே எழுதப்பட்டது. பேராசிரியர் இந்திரபாலா அதனை ஆராய்ந்து வெளியிட்டிருக்கின்றார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையிலே வந்து கூடவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படும் என்பது அதன் சாரம். யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிவந்த கலம் உடைந்தால் சரிபாதி அரசனுக்கு, சரிபாதி உடையவனுக்கு. ஊராத்துறை என்றது இன்றைய ஊர்காவற்றுறையையே. அரசனுக்கு வேண்டியவை யானையும் குதிரையும். ஆதலால் அவற்றைக் கொண்டுவருவோனுக்குச் சலுகை கூடுதல். அரசன் சிங்கள நாட்டிலிருந்தான். ஆணை தமிழிலே வந்தது. துறைமுகத்தில் வழங்கிய மொழி எதுவென்று அவனது அதிகாரிகளுக்கு நன்கு தெரிந்திருந்தது என்பதை இளைஞர் மனங்கொள்ள வேண்டும். தீவகத்தின் பரிபாலனத்துக்கு நம் கையிலுள்ள மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் இது ஒன்று. அது எண்ணியது கலங்களை.

பின்னர் ஆரியச்சக்கரவர்த்திகளின் யாழ்ப்பாண அரசு எழுந்தது. 1619 இல் அதனைப் போர்த்துக்கேயர் கைப்பற்றினர். அவர்கள் ஊர்காவற்றுறையை யானைகளின் இறங்குதுறை என்னும் பொருள்படத் தம் மொழியிலே வழங்கினர். துறை என்பதற்குரிய அவர்களது சொல்லே திரிந்து ‘கயிற்ஸ்’ ஆகி இன்றும் ஆங்கில ஆவணங்களில் நிற்கின்றது. வன்னியிலே பிடித்த யானைகள் இத்துறையிலிருந்து கப்பலேறின. துறையின் வாயிலைக் காக்க, காரைதீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே கடலுக்குள்ளே ஒரு கோட்டை எழும்பிற்று. கடற்கோட்டை என்று நாம் அழைக்கும் அதனை 1658 இல் ஒல்லாந்தர் பிடித்து, ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டனர். அவ்வாண்டிலேயே யாழ்ப்பாணக் கோட்டையும் அவர்கள் வசமாயிற்று.

ஒல்லாந்தர் செய்த வேலை நுட்பமானது. வேலணைத் தீவை லெய்டன் என்றனர். காரைதீவை அம்ஸ்ரடாம் என்றனர். புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு றொட்டடாம், நயினாதீவு ஹார்லெம், எழுவைதீவு ஹூர்ன், நெடுந்தீவு டெல்ஃப்ற் ஆயின. இவை ஏழும் அவர்கள் நாட்டு நகரங்கள். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனிக்கு ஆறு நகரங்களிலே ஆறு கிளைச் சபைகள் இருந்தன. அவ்வாறில் ஐந்து நகரங்களின் பெயர்கள் நமது தீவுகளின் தலையிலே ஏறியிருக்கின்றன! ஏழு பெயர்களுள் இன்று நாள்தோறும் வழங்குவது டெல்ஃப்ற் ஒன்றுதான், அதுவும் ஆங்கிலத்திலே. மற்றவை பழைய வரைபடங்களிலே உறங்குகின்றன. தீவார் வாயிலே வழங்கிய பெயர்களோ அழியவில்லை.

பெயர் மாற்றியதோடு அவர்கள் நிற்கவில்லை. காணியும் ஆளும் தோம்பிலே பதியப்பட்டன. காணித்தோம்பு நிலத்துக்கு, தலைத்தோம்பு ஆட்களுக்கு. எழுதியதன் நோக்கம் வரியும், ஊழியம் என்னும் கட்டாய வேலையும். ஆயினும், வரிக்காக எழுதிய ஏடு பிற்காலத்திலே உரிமைக்குச் சான்றாக நின்றது என்பதையும் சொல்லாமல் விடலாகாது. 1707 இல், ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்சு நமது வழமைகளைத் தொகுத்தார். தமிழ் முதலிமார் பன்னிருவர் அதனைப் பார்வையிட்டு ஒப்பினர். அதுவே தேசவழமைச் சட்டம். 1806 இல் பிரித்தானியர் அதற்குச் சட்டவலு அளித்தனர். மாற்றங்கள் பலவற்றோடு அது இன்றும் நமது சீதனத்தையும் முதுசத்தையும் ஆள்கின்றது.

1795 இல் யாழ்ப்பாணம் பிரித்தானியர் கைக்கு மாறியது. நெடுந்தீவை அவர்கள் தொடக்கத்திலே குதிரை வளர்க்கும் பண்ணையாகவே நோக்கினர்; நோலன் என்னும் படையதிகாரி அங்கே பொறுப்பாக இருந்தார். கட்டாக்காலியாகத் திரியும் நெடுந்தீவுக் குதிரைகள் அக்காலங்களின் எச்சம். 1833 இல் இலங்கை ஐந்து மாகாணங்களாக வகுக்கப்பட, தீவகம் வட மாகாணத்துள் அடங்கியது. ஏசண்டுத் துரை யாழ்ப்பாணக் கச்சேரியிலே இருந்தார். டைக் துரை 1829 முதல் 1867 வரை, ஏறக்குறைய ஒரு தலைமுறைக்கு மேல், அந்த ஆசனத்திலே வீற்றிருந்தார். அவருக்குக் கீழே பற்றுக்கு மணியகாரர், அவரின் கீழ் உடையார், ஊருக்கு விதானையார். நியமனம் மேலிருந்து வந்தது. ஊரவர் குறைசொல்ல வழி குறைவு. காரைதீவு காரைநகர் ஆனது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே. கிழக்கிலங்கையிலும் ஒரு காரைதீவு இருப்பதாலே கடிதம் தடுமாறியது என்பர்.

1931 இல் சர்வசன வாக்குரிமை வந்தது. தலைத்தோம்பிலே வரிக்காக எண்ணப்பட்ட தலை, இப்பொழுது வாக்குக்காக எண்ணப்பட்டது. ஆனால் அவ்வாண்டுத் தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், பூரண சுயராச்சியம் தராத அரசியற்றிட்டம் எமக்கு வேண்டாம் என்று பகிஷ்கரித்தது. வடக்கிலே நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. ஊர்காவற்றுறை அவற்றுள் ஒன்று. அந்த வாலிபரின் இலட்சியத்தை நாம் போற்றுகின்றோம். வெறும் ஆசனத்தினால் விளைந்தது என்ன என்பதைப் பெரியோர்கள் இன்றும் விவாதிக்கின்றார்கள். 1947 முதல் 1977 வரை ஊர்காவற்றுறைத் தொகுதி பாராளுமன்றத்துக்குத் தன் உறுப்பினரைத் தனியே அனுப்பியது. விகிதாசாரத் தேர்தல் வந்தபின் அது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஒரு வாக்கெடுப்புப் பிரிவாயிற்று.

இதற்கிடையிலே மணியகாரர் போய்க் காரியாதிகாரி வந்தார். அவர் பின்னர் உதவி அரசாங்க அதிபர் ஆனார். 1963 இல் விதானையார் பதவிக்குப் பதிலாகக் கிராம சேவகர் வந்தார். 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தாலே பிரதேச சபைகளும், 1992 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கச் சட்டத்தாலே பிரதேச செயலாளர் பதவியும் உருவாயின. இன்று தீவகத்திலே நெடுந்தீவு, வேலணை, ஊர்காவற்றுறை, காரைநகர் என நான்கு பிரதேச செயலகங்கள். நெடுந்தீவுக்கு 6, வேலணைக்கு 30, ஊர்காவற்றுறைக்கு 15, காரைநகருக்கு 9 ஆக அறுபது கிராம அலுவலர் பிரிவுகள். கச்சதீவு நெடுந்தீவின் பரிபாலனத்துள் அடங்குவது. வேலணைத் தீவு ஒரே நிலமாயினும் இரு செயலகங்களுக்குப் பங்கிடப்பட்டிருக்கின்றது; அனலைதீவாரும் எழுவைதீவாரும் கடல் கடந்து ஊர்காவற்றுறைக்கும், நயினாதீவார் கடல் கடந்து வேலணைக்கும் செல்கின்றனர்.

அலுவலகம் கிட்ட வந்தது உண்மை. ஆனால் கடல் வற்றவில்லை. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகிலே ஏறக்குறைய ஒரு மணிநேரம். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. தரையிலே இருப்பவருக்குத் தெருவென்பது எதுவோ, தீவாருக்குப் படகு அது. 1985 மே 15 இல் குமுதினிப் படகிலே சென்றோர் கொல்லப்பட்ட துயரத்தைத் தீவகம் இத்தனை ஆழமாக நெஞ்சிலே வைத்திருப்பதன் காரணமும் இதுவே.

1990 இல் போர் தீவுகளுக்குள் புகுந்தபோது சனம் பெருந்தொகையாக வெளியேறியது. பலர் திரும்பவில்லை. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும், கனடாவிலும் ஐரோப்பாவிலும் வேரூன்றிவிட்டனர். கோயில் திருவிழாவுக்கு வருகின்றார்கள், கோபுரங்கள் உயர்கின்றன, பக்கத்திலே கூரையில்லாத வீடும் பற்றைமூடிய வளவும் நிற்கின்றன. இதன் விளைவை எண்களிலே பாருங்கள். பாராளுமன்ற ஆசனங்கள் பதிவான வாக்காளர் தொகைப்படி பங்கிடப்படுவன. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010 இல் 9 ஆசனங்கள் இருந்தன. 2015 இல் 7. 2024 இல் 6. அன்று அரசன் கலங்களை எண்ணினான். கொம்பனி காணியை எண்ணியது. இன்றைய அரசு ஆட்களை எண்ணுகின்றது. எண்ணப்படாதவர்க்குப் படகும் இல்லை, ஆசிரியரும் இல்லை, வைத்தியரும் இல்லை.

ஆகவே சங்கத்து இளைஞர்க்கு மூன்று வேலைகளை முன்வைக்கின்றோம். முதலாவது, தீவிலே வாழும் ஒவ்வொரு வீட்டிலும் பதினெட்டு வயதானவர் பெயர் வாக்காளர் இடாப்பிலே இருக்கின்றதா என்று ஆண்டுதோறும் வீடுவீடாகச் சென்று பார்த்தல். இரண்டாவது, போரிலே உறுதியும் பிறப்பத்தாட்சியும் தொலைத்த முதியோர்க்குப் பிரதி எடுத்துக் கொடுத்தல். விண்ணப்பம் எழுதுவதும், படகேறிக் கந்தோருக்குக் கூடச் செல்வதும் நம்மால் ஆகாத காரியமா? மூன்றாவது, காணிப் பெயர்களைத் திரட்டுதல். நமது உறுதிகளிலே பரப்பும் குளியும் மட்டும் இல்லை. ஒவ்வொரு வளவுக்கும் ஒரு பெயர் உண்டு. ஒல்லாந்தர் ஏழு தீவுகளின் பெயரை மாற்றினார்களேயன்றி, வளவுகளின் பெயரை மாற்ற அவர்களால் முடியவில்லை. அந்தப் பெயர்கள் இன்று எழுபது எண்பது வயதானவர்களின் நினைவிலே இருக்கின்றன. அவர்கள் இந்தச் சபையிலே முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார்கள். சங்கம் ஒரு கொப்பியும், இளைஞர் தங்கள் மாலைப்பொழுதும் கொடுத்தாற் போதும். அடுத்த ஆண்டு மலரிலே தீவகத்தின் புதிய தோம்பை நாமே அச்சிடலாம். வரிக்காக அன்று, உரிமைக்காக.

பிறர் நம்மை எண்ணிய காலம் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல். நம்மை நாமே எண்ணத் தொடங்குவோம். நயினை நாகபூசணித் தாயின் திருவருள் துணைநிற்பதாக.