குருத்தைத் தேடி வரும் வித்துகள்

ஜூன் மாதம் மழை பிடித்ததும், திருவனந்தபுரத்தை அடுத்த பாலராமபுரம், வெள்ளாயணிப் பக்கத்துத் தென்னை விவசாயிகள் அண்ணாந்து பார்ப்பது நடுக்குருத்தை. அது வெளிறி வாடி, இழுத்தால் நாற்றத்தோடு கையில் வந்துவிட்டால் குருத்தழுகல். இந்த ஊரில் கூம்புசீயல். தென்னைக்கு இருப்பது ஒரே குருத்து. அது போனால் மரம் போயிற்று.

கண்ணில் படுமுன்பே நோயின் வித்துகள் தோப்புக்குள் வந்துவிடுகின்றன. வரும்போதே பிடிக்க முடியாதா?

1952இல் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஹர்ஸ்ட் என்பவர் ஒரு பொறி செய்தார். நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை மெல்லிய பிளவு வழியே அது இழுக்கும். உள்ளே பசை தடவிய கண்ணாடி மணிக்கு 2 மில்லிமீட்டர் நகரும். நுண்ணோக்கியில் வைத்தால், எந்த மணி நேரத்தில் எந்தப் பூசணம் பறந்தது என்பது தெரியும். பிற்பாடு, கடுகுக் குடும்பத்து எண்ணெய்ப் பயிரைக் கெடுக்கும் ஸ்க்ளெரோட்டினியா என்ற பூசணத்துக்காக இன்னொரு வழி கண்டார்கள்: பிடிபட்ட வித்தை ஊட்டக் கரைசலில் வளரவிட்டு, அது சுரக்கும் ஆக்சாலிக் அமிலத்தை உணர்கருவி கொண்டு அறிவது. பூக்கும் நேரத்தில் மருந்து தேவையா என்று முடிவெடுக்க அது உதவும்.

நம் தென்னையில் விஷயம் இவ்வளவு நேரானதல்ல. வேர்வாடல் கண்ட மரங்களில் வரும் இலை அழுகலையே எடுத்துக்கொள்வோம். அதற்குக் காரணமான எக்ஸெரோஹைலம் என்ற பூசணத்தின் வித்து உலர்ந்தது. காற்றில் பறக்கும், பொறியில் சிக்கும். கூடவே தாக்கும் கொலெட்டோட்ரைக்கத்தின் வித்துகளோ பிசுபிசுப்பானவை. மழைத்துளி பட்டுத் தெறித்தால்தான் கிளம்பும். குருத்தழுகலைத் தரும் ஃபைட்டோப்தோரா நீரை நம்பிப் பிழைப்பது; அதுவும் பெரும்பாலும் மழைத் தெறிப்பிலேயே மரம் தாவுகிறது. ஆகவே காற்றுப்பொறியில் ஒன்றும் சிக்கவில்லை என்று ஒருவர் நிம்மதியாக இருந்தால், அது ஆபத்தான நிம்மதி என்பேன். இங்கே மழைநீரையும் பிடித்துச் சோதிக்க வேண்டும். உருவத்தில் ஒன்றுபோல் இருக்கும் வித்துகளைப் பிரித்தறிய டிஎன்ஏ சோதனையும் வேண்டும். ஆண்டில் இரண்டு பருவமழை காணும் திருவனந்தபுரத்துக்கு இந்தக் கண்காணிப்பு மிக அவசியம்.

அந்தக் கண்காணிப்பு வரும்வரை மழைக்காலமே நமக்கு எச்சரிக்கை. மே மாதத்திலேயே கொண்டையைச் சுத்தம் செய்து, 1 சதவீத போர்டோக் கலவையைக் குருத்தில் படும்படி தெளியுங்கள். நோய் தொடங்கியிருந்தால் அழுகிய பகுதியை முழுவதும் செதுக்கி எடுத்து, போர்டோப் பசை பூசி, புதுக்குருத்து வரும்வரை மழை இறங்காமல் மூடிவையுங்கள். செதுக்கியதை மரத்தடியில் போடாமல் எரித்துவிடுங்கள். அடுத்த மரத்துக்குத் தாவும் வித்து அதில் உயிரோடு இருக்கிறது.