மருந்து நின்ற பின்னும் எடை நிற்குமா?

(பயிற்சி அலுவலர்களும் கல்லூரி மாணவர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் கட்டுரை வடிவம்)



உடல் எடையைக் குறைக்கும் மருந்துகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் "எத்தனை கிலோ குறையும்?" என்னும் கேள்வியோடு நின்றுவிடுகின்றனர். இன்று உங்கள் முன் நான் வைக்க விரும்புவது அதற்கு அடுத்த கேள்வி. மருந்தை நிறுத்திய பிறகு, குறைந்த எடை குறைந்தபடியே இருக்குமா?

ஓர் எடுத்துக்காட்டோடு தொடங்குவோம். 90 கிலோ எடையுள்ள ஓர் அலுவலகப் பணியாளர், வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஊசியின் துணையால், ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் 15 கிலோ குறைகிறார் என்று வைத்துக்கொள்வோம். மகளின் கல்லூரிக் கட்டணம் குறுக்கிடுகிறது, ஊசி நிற்கிறது. அடுத்த ஓராண்டில் 10 கிலோ திரும்பிவிடுகிறது. "நாக்கைக் கட்டத் தெரியவில்லை" என்கின்றனர் வீட்டார். அவரும் அதையே நம்பி, வெட்கத்தால் மருத்துவரிடம் செல்வதையும் விட்டுவிடுகிறார். இந்தப் பணியாளர் நமது கற்பனையே. ஆனால் நான் கூறிய அளவுகள் கற்பனையல்ல. அவர்மீது சுமத்தப்படும் பழி நியாயமானதுதானா என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

மருந்து செய்யும் பணி

நாம் உணவு உண்டவுடன் நமது குடல் ஜி.எல்.பி.-1 என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது. இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. "போதும்" என்னும் செய்தியை மூளைக்கு அறிவிக்கிறது. இயற்கையான இந்த ஹார்மோன் சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். அதைப்போன்று செயற்படும் செமாகுளூட்டைட் என்னும் மருந்தோ, உடலில் பாதியளவாகக் குறைவதற்கே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகிறது. டிர்செபடைட் என்னும் மற்றொரு மருந்து, ஜி.ஐ.பி. என்னும் வேறொரு குடல் ஹார்மோனின் பணியையும் சேர்த்துச் செய்கிறது.

செமாகுளூட்டைடின் கடைசி ஊசிக்குப்பின் ஏறக்குறைய ஐந்து வாரங்களில் மருந்து பெரும்பாலும் உடலைவிட்டு நீங்கிவிடுகிறது. அது தந்த நிறைவுணர்வும் உடன் நீங்குகிறது. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தியவருக்கு அழுத்தம் மீண்டும் உயர்ந்தால், அதை அவருடைய மனஉறுதியின்மை என்று நாம் கூறுவதில்லை. எடையைப் பொறுத்தமட்டில் மட்டும் அவ்வாறு கூறுவது ஏன்?

ஆய்வுகள் காட்டும் உண்மை

2021ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் 1,961 பேர் பங்கேற்றனர். செமாகுளூட்டைட் பெற்றோர் 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீத எடையை இழந்தனர். வெற்று ஊசி பெற்றோர் இழந்தது 2.4 சதவீதமே. பங்கேற்றோரில் 327 பேரை மேலும் ஓராண்டுக் காலம் தொடர்ந்து கவனித்தனர். அந்த ஆண்டில் மருந்தும் நிறுத்தப்பட்டது. அதனோடு வழங்கப்பட்டுவந்த உணவு, உடற்பயிற்சி ஆலோசனையும் நிறுத்தப்பட்டது. இவர்களுள் மருந்து பெற்றிருந்தோர் 17.3 சதவீத எடையை இழந்திருந்தனர். ஓராண்டு முடிவில் அவர்களிடம் எஞ்சியிருந்த குறைவு 5.6 சதவீதம் மட்டுமே; அதாவது, இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. இரத்த அழுத்தம் போன்றவற்றில் கிடைத்திருந்த நன்மைகளும் பெரும்பாலும் பழைய நிலையை நோக்கிச் சென்றன.

டிர்செபடைட் பற்றி 2023 டிசம்பரில் வெளியான ஆய்வும் இதையே உறுதி செய்தது. 36 வார மருந்தினால் சராசரியாக 20.9 சதவீத எடையை இழந்திருந்த 670 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். அடுத்த 52 வாரங்களில், மருந்தைத் தொடர்ந்தோர் மேலும் 5.5 சதவீதம் குறைந்தனர். வெற்று ஊசிக்கு மாற்றப்பட்டோர் 14 சதவீதம் கூடினர். எனினும், மருந்து நிறுத்தப்பட்டவர்களுள்ளும் ஏறத்தாழ ஆறில் ஒருவர், இழந்த எடையில் ஐந்தில் நான்கு பங்கையாவது காத்துக்கொண்டனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. எடையைக் காத்துக்கொள்வது அரிது, ஆனால் இயலாததன்று.

உடலின் தற்காப்பு

எடை திரும்புவது இம்மருந்துகளுக்கு மட்டுமே உரிய குறையன்று. ஆஸ்திரேலியாவில், மருந்து ஏதுமின்றி 10 வாரக் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டினால் எடை குறைத்த 50 பேரைப் பற்றிய ஆய்வு 2011இல் வெளியாயிற்று. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோன் ஓராண்டுக்குப் பின்னரும் முன்னைவிட மிகுந்தே இருந்தது. போதிய கொழுப்பு இருக்கிறது என்று மூளைக்கு அறிவிக்கும் லெப்டின் குறைந்தே இருந்தது. பசியுணர்வும் தணியவில்லை.

அமெரிக்க ஆய்வாளர்களின் கணிப்பு ஒன்றும் உண்டு. எடை ஒரு கிலோ குறையும்போது உடல் நாள்தோறும் செலவிடும் சக்தி 20 முதல் 30 கலோரி வரை குறைகிறது. பசியோ ஏறத்தாழ 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. 10 கிலோ குறைத்த ஒருவரின் நிலையை இதைக்கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். வருவாய் குறைந்த குடும்பத்தில் செலவின் தேவை பலமடங்கு உயர்ந்ததைப் போன்ற நெருக்கடி அது. பஞ்சத்தைத் தாங்கிப் பிழைப்பதற்காக அமைந்த உடல், எடை குறைவதைப் பஞ்சமாகவே எண்ணிச் செயற்படுகிறது. மருந்து இருக்கும்வரை அந்தப் பசிக்குரல் அடங்கியிருக்கிறது. மருந்து நின்றதும் மீண்டும் எழுகிறது.

தொடங்கும்போதே திட்டம்

அப்படியானால் செய்யத்தக்கது என்ன? மருந்தை நிறுத்துவது பற்றிய திட்டம், மருந்தைத் தொடங்கும் நாளிலேயே வகுக்கப்படவேண்டும் என்பதே எனது கருத்து. எத்தனை மாதம் செலவைத் தாங்க முடியும், இடையில் நிறுத்தவேண்டிய காரணம் உண்டா என்பவற்றை முதல் நாளிலேயே பேசவேண்டும். உதாரணமாக, கருத்தரிக்க விரும்பும் பெண், குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே செமாகுளூட்டைடை நிறுத்தியாக வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் தாமாகவே ஊசியை நிறுத்தினால் இரத்தச் சர்க்கரை உயரக்கூடும். மருத்துவரின் மேற்பார்வை அவர்களுக்கு இன்றியமையாதது.

அடுத்தது உடற்பயிற்சி. டென்மார்க்கில் 195 பேர் முதலில் 8 வார உணவுக் கட்டுப்பாட்டினால் சராசரியாக 13.1 கிலோ குறைத்தனர். பின்னர் ஓராண்டுக் காலம் ஒரு பிரிவினர் லிராகுளூட்டைட் என்னும் ஊசியையும், மற்றொரு பிரிவினர் மேற்பார்வையுடன் கூடிய உடற்பயிற்சியையும், மூன்றாம் பிரிவினர் இவ்விரண்டையும், நான்காம் பிரிவினர் வெற்று ஊசியையும் பெற்றனர். எல்லாம் நிறுத்தப்பட்டு ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, ஊசியை மட்டும் நம்பியிருந்தவர்களைவிட உடற்பயிற்சியும் சேர்ந்திருந்தவர்களே எடையை நன்கு காத்துக்கொண்டிருந்தனர். 2024இல் வெளியான இம்முடிவு நம்பிக்கை அளிப்பது. மருந்தின் பயன் மருந்தோடு போய்விடலாம். பழகிய பழக்கம் அவ்வளவு எளிதில் போவதில்லை.

இழக்கும் எடையில் 25 முதல் 40 சதவீதம் வரை கொழுப்பல்லாத பகுதியாக, அதாவது தசை முதலியனவாக, இருக்கக்கூடும். திரும்பிவரும் எடையோ பெரும்பாலும் கொழுப்பாகவே வருகிறது. ஆதலின், மருந்து பெறும் காலத்திலேயே தசையைக் காக்கவேண்டும். வாரத்துக்கு 150 நிமிடங்களேனும் விரைந்த நடை போன்ற மிதமான உழைப்பு, வாரம் இருமுறை தசைக்கு வலுவூட்டும் பயிற்சி ஆகியவை உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் நாட்டுத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்று வகுத்துள்ளது. பசி குறைந்து உண்பவர் சோற்றையும் ரொட்டியையும் மட்டுமே சிறிது உண்டு எழுந்துவிட்டால் இந்த அளவு கிட்டாது; பருப்பு, பயறு, முட்டை, மீன், தயிர் ஆகியவற்றுக்குத் தட்டில் முதலிடம் தரவேண்டும். வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்துக்கொள்வதும் அவசியம். இரண்டு கிலோ கூடியவுடன் மருத்துவரை நாடுபவருக்கு வழி எளிது. பத்துக் கிலோ கூடும்வரை மறைப்பவருக்கு அது கடினம்.

அரசு அலுவலர்களின் பொறுப்பு

2019-21இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டுப் பெண்களில் 24 சதவீதத்தினரும் ஆண்களில் 22.9 சதவீதத்தினரும் மிகை எடை கொண்டவர்கள். அதே ஆய்வில் 18.7 சதவீதப் பெண்கள் மெலிந்தவர்கள் என்பதையும் மறக்கலாகாது. ஒரே தெருவில் இரு குறைகளும் வாழும் நாட்டில், ஒவ்வொரு ரூபாயும் எண்ணிச் செலவிடத்தக்கது.

டிர்செபடைட் 2025 மார்ச்சிலும், எடைக் குறைப்புக்கான செமாகுளூட்டைட் 2025 ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. செமாகுளூட்டைடின் காப்புரிமைக் காலம் இந்தியாவில் 2026 மார்ச்சுடன் முடிவதால் விலை இறங்க வழி ஏற்படுகிறது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் விலை இறங்கினால் ஊசியைத் தொடங்குவோர் பெருகுவர். இடையில் நிறுத்துவோரும் பெருகுவர். ஊசி மலிவாவதனால் மட்டும் ஆலோசனையும் கண்காணிப்பும் எல்லோருக்கும் கிட்டிவிடா. உலக சுகாதார நிறுவனம் 2025 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலும், இம்மருந்துகளை நீண்டகாலச் சிகிச்சையாகவும், உணவு, உடலுழைப்பு பற்றிய தீவிர ஆலோசனையுடன் சேர்த்தும், சில நிபந்தனைகளுக்குட்பட்டே பரிந்துரைக்கிறது.

இங்கேதான் அலுவலர்களின் பொறுப்பு தொடங்குகிறது. தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தின்கீழ் ஆரோக்கிய மையங்களில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப்படுகின்றன. மருந்தை நிறுத்தியவரை ஓராண்டுக் காலமேனும் மாதம் ஒருமுறை அழைத்து எடை பார்க்கும் ஏற்பாடு அங்கேயே இயலக்கூடியது. அதற்கு வேண்டியது ஓர் எடைக்கருவியும் ஒரு பதிவேடும் கனிவான ஒரு சொல்லும்தான். அலுவலகச் சிற்றுண்டிச்சாலையில் எண்ணெய்ப் பலகாரத்தோடு சுண்டலும் கிடைக்கச் செய்வதும், நடப்பதற்கேற்ற நடைபாதையை ஆக்கிரமிப்பின்றிக் காப்பதும் எடைப் பாதுகாப்புப் பணிகளே. நடக்க இடமில்லாத நகரில் "நடங்கள்" என்று அறிவுரை கூறுவதால் பயனில்லை.

இறுதியாக, நாம் தொடக்கத்தில் கண்ட பணியாளரிடம் திரும்புவோம். அவருடைய மருத்துவச் சீட்டில் "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று எழுதுவது எளிது. அதற்குப் பதிலாக, "மருந்து நின்று மூன்று மாதம், இரண்டு கிலோ கூடியுள்ளது, மீண்டும் வரச் சொல்லப்பட்டது" என்று எழுதப்பட்டிருந்தால், மீதி எட்டுக் கிலோவைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பேனும் அவருக்குக் கிடைத்திருக்கும். நாளை மருத்துவர்களாகவும் நிர்வாகிகளாகவும் விளங்கப்போகும் மாணவர்கள், அந்த இரண்டாவது குறிப்பை எழுதக் கற்றுக்கொள்ளவேண்டும் என்பதே எனது வேண்டுகோள்.