உடல்தகுதியும் மரபணுவும்: மாநாட்டுத் தலைமை உரை

மனிதரின் உடல்தகுதியிலும் நலத்திலும் குணத்திலும் மரபணுவுக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கு இரண்டு விதமாக வருகிறது. ஒரே ஒரு மரபணுவில் நேரும் மாற்றம் சிலருடைய உடலை அடியோடு வேறாக்கிவிடும்; இது அரிது. ஆயிரக்கணக்கான மரபணுக்கள் ஒவ்வொன்றும் கொஞ்சம் தள்ளியும் இழுத்தும் ஒரு பண்பை உருவாக்குவதே பெருவழக்கு. அரிதானதில் கிடைக்கும் தெளிவைப் பெருவழக்கின் மேல் ஏற்றிப் பேசுவதால் இத்துறையில் குழப்பம் மிகுகிறது. இம்மாநாட்டின் எல்லா அமர்வுகளுக்கும் இந்த வேறுபாடே அடிப்படை.

அரிய வகைக்கு ஃபின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மேன்டுரான்டாவைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம். வடதுருவ வட்டத்தை ஒட்டிய பெல்லோ பகுதியைச் சேர்ந்த அவர், 1964இல் இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்கில் 15 கி.மீ., 30 கி.மீ. போட்டிகளில் தங்கம் வென்றார். 15 கி.மீ. தொலைவை இரண்டாமவரைவிட 40 விநாடி முந்திக் கடந்தார். ஆனால் அவருடைய இரத்தத்தில் ஹீமோகுளோபின் இயல்பைவிட மிக அதிகமாக இருந்ததால் ஊக்கமருந்துச் சந்தேகம் நெடுங்காலம் அவரை விடவில்லை. 1993இல் மரபியலாளர் ஆல்பர்ட் டி லா ஷபெல் குழுவினர் அதற்கு விடை கண்டனர்.

சிவப்பணுக்களை உண்டாக்கும்படி எலும்பு மஜ்ஜையைத் தூண்டுவது எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோன். அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிப் புரதத்துக்கு ஒரு வால்பகுதி உண்டு. ‘போதும்’ என்று தூண்டுதலை அடக்குவது அதுவே. மேன்டுரான்டாவின் டிஎன்ஏ எழுத்துவரிசையில் ‘ஜி’ இருக்கவேண்டிய ஓரிடத்தில் ‘ஏ’ இருந்தது. அந்த ஓரெழுத்து மாற்றத்தால் புரதம் 70 அமினோ அமிலங்களுக்கு முன்பே முடிந்துபோனது. அடக்கும் வால் இல்லாததால் மஜ்ஜை அளவுக்கு மிஞ்சிச் சிவப்பணுக்களை ஆக்கியது. தசைகளுக்கு ஆக்சிஜன் கூடுதலாகப் போய்ச் சேர்ந்தது. ஆண்டுக்கணக்கில் ஒரு நேர்மையான உடலின் மேல் படிந்திருந்த பழியை ஓரெழுத்து நீக்கியது. ஆயினும் அவருடைய உறவினர் 97 பேரைச் சோதித்தபோது 29 பேரிடம் இதே மாற்றம் காணப்பட்டது. அவர்களில் பனிச்சறுக்கில் பெயர் பெற்றவர்கள் ஒரு சிலரே. பனி மூடிய ஊரும் இளமை முதல் பழகிய சறுக்கலும் ஓயாத பயிற்சியும் சேர்ந்த இடத்தில்தான் அந்த எழுத்து பதக்கமாயிற்று.

இத்தகைய தெளிவை எதிர்பார்த்து ஏசிடிஎன்3 மரபணுவை அணுகியவர்கள் ஏமாந்தார்கள். விரைந்து சுருங்கும் தசைநார்களில் உள்ள ஒரு புரதத்தை உண்டாக்குவது அது. முன்னணிக் குறுந்தொலைவு ஓட்டக்காரர்களில் அப்புரதம் அறவே இல்லாதவர்கள் மிக அரிது என்று 2003இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினர். ஆனால் அப்புரதம் உள்ளவர்கள் உலகில் பெரும்பான்மையோர். அவர்களெல்லாம் ஓட்டக்காரர்கள் ஆவதில்லை. இல்லாதவர்களும் 100 கோடிக்கு மேல். அவர்களும் நலமாகவே வாழ்கிறார்கள். இருந்தும் குழந்தையின் எச்சிலைச் சோதித்து ‘எந்த விளையாட்டு ஏற்றது’ என்று பெற்றோருக்குச் சொல்லும் வணிகம் வளர்ந்தது. திறமையைத் தேர்ந்தெடுக்க இச்சோதனைகள் உதவா என்று 2015இலேயே துறை வல்லுநர்கள் கூட்டாக அறிவித்துவிட்டனர். ஓடிப் பார்க்குமுன் ஒரு பிள்ளையை ஓடாதே என்று ஒதுக்குவது அறிவியலின் பெயரால் செய்யும் கொடுமை.

பயிற்சிக்கு உடல் எப்படி ஈடுகொடுக்கிறது என்பதில் மரபின் பங்கு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. கிளாட் பூஷார் நடத்திய ஹெரிடேஜ் ஆய்வில், உடற்பயிற்சிப் பழக்கமில்லாத 481 பேர் 20 வாரம் ஒரே முறையில் பயிற்சி செய்தனர். உடல் நிமிடத்துக்கு அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் சராசரியாகச் சுமார் 400 மி.லி. உயர்ந்தது. சிலரிடம் ஏறக்குறைய எதுவும் உயரவில்லை. சிலரிடம் ஒரு லிட்டருக்கும் மேல் உயர்ந்தது. இந்த வேறுபாட்டில் பாதிக்குச் சற்றே குறைந்த பங்கு குடும்பவழி வந்ததாகக் கணக்கிடப்பட்டது. உழைத்தும் முன்னேறாதவரைச் சோம்பேறி என்று பழிக்கும் பயிற்சியாளர்கள் கவனிக்கவேண்டிய முடிவு இது.

இங்கே ‘மரபுப் பங்கு’ என்ற எண்ணைப் படிக்கும் முறை முக்கியம். உயரத்தின் மரபுப் பங்கு சுமார் 80 விழுக்காடு என்பர். ஒரு சூழலில் வாழும் மக்களிடையே காணும் ஏற்ற இறக்கத்தில் அவ்வளவு மரபணு வேறுபாட்டால் வருகிறது என்பதே அதன் பொருள். தனி ஒருவருடைய உயரத்தை அது பங்கிட்டுக் காட்டாது. தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் ஒரு நூற்றாண்டில் சுமார் 20 செ.மீ. கூடியது. அதற்குள் மரபணுக்கள் மாறிவிடவில்லை. சோறும் சுகாதாரமும் மாறின.

நலத்தைப் பொறுத்தவரை மரபணு ஆய்வு தந்த பெரும்பயன் மருத்துவத்தில் விளைந்தது. 2006இல் ஹெலன் ஹாப்ஸும் ஜோனதன் கோஹனும் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்கக் கறுப்பின மக்களில் 2.6 விழுக்காட்டினரிடம் பிசிஎஸ்கே9 மரபணுவைச் செயலிழக்கச் செய்யும் மாற்றம் இருந்தது. அவர்களுக்குக் கெட்ட கொழுப்பு 28 விழுக்காடும், மாரடைப்பு முதலிய இதயத்தமனி நோய் 88 விழுக்காடும் குறைவு. இயற்கை செய்ததை மருந்தால் செய்ய முயன்றதில் 2015இல் புதிய ஊசிமருந்துகள் வந்தன. ஃபினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் கோளாறோ உணவிலேயே அடங்குகிறது. குதிகாலில் எடுக்கும் ஒரு துளி இரத்தத்தில் நோயை அறிந்து, முதல் வாரங்களிலேயே ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம் குறைந்த உணவைக் கொடுத்தால், அறிவு வளர்ச்சி குன்றவேண்டிய குழந்தை மற்றவர்களைப் போல வளர்கிறது. மரபணு அப்படியே இருக்க, விளைவு மட்டும் மாறிவிடுகிறது.

குணங்களைப் பற்றிச் சொல்லக்கூடியது குறைவு. இரட்டையர் ஆய்வுகள் ஆளுமைப் பண்புகளின் மரபுப் பங்கை 40 முதல் 50 விழுக்காடு என்கின்றன. ஆனால் இன்ன குணத்துக்கு இன்ன மரபணு என்ற தேடல் பெரும்பாலும் வீணாயிற்று. மனச்சோர்வோடு தொடர்புபடுத்தப்பட்ட 18 மரபணுக்களை லட்சக்கணக்கானோரிடம் சோதித்த 2019ஆம் ஆண்டு ஆய்வில் எதுவுமே நிலைக்கவில்லை.

தெற்காசியாவைப் பொறுத்தவரை வேறொரு குறையும் இருக்கிறது. மரபணு ஆய்வுகளில் பங்கேற்றோரில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வழியினர்; அவர்களை வைத்து, பல மரபணுக்களின் விளைவைக் கூட்டிக் கணக்கிட்ட நோய்வாய்ப்பு மதிப்பெண்கள் பிறரிடம் துல்லியம் இழக்கின்றன. ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வு மையத்தின் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, எம்ஒய்பிபிசி3 மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு வடிவம் இந்தியத் துணைக்கண்டத்தில் சுமார் 4 விழுக்காட்டினரிடம் இருப்பதையும், அது இதயத் தசைநோய்க்கான வாய்ப்பைக் கூட்டுவதையும் காட்டியது. ஐரோப்பியத் தரவில் மட்டும் தேடியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. 2025இல் ஜீனோம்இந்தியா திட்டம் சுமார் 10,000 இந்தியரின் மரபணுத் தொகுதிகளை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. அத்தொகுதிகளின் எழுத்துகளோடு அந்த மக்கள் உண்பதும் செய்யும் வேலையும் நடக்கும் தொலைவும் பிறந்தபோது இருந்த எடையும் சேர்த்துப் பதிவாக வேண்டும். வெளிநாட்டு மதிப்பெண்கள் இங்குள்ளோரிடம் சோதிக்கப்பட்ட பிறகே மருத்துவரின் மேசைக்கு வரவேண்டும். இம்மாநாட்டு அமர்வுகள் எடுத்துக்கொண்டிருக்கும் பணி அது.