இரண்டாம் ஓட்டம்



பனிச்சறுக்குப் போட்டிகளில் ஸ்லாலம் என்று ஒரு வகை உண்டு. செங்குத்தான பனிச்சரிவில் சிவப்பு, நீலக் கம்புகளை வரிசையாக நட்டிருப்பார்கள். வீரர்கள் அவற்றுக்கு இடையே வளைந்து வளைந்து கீழே இறங்க வேண்டும். ஒரே ஒரு வாசலைத் தவறவிட்டாலும் போட்டியிலிருந்து வெளியேற வேண்டியதுதான். ஒருமுறை இறங்கினால் மட்டும் போதாது. கம்புகளை இடம் மாற்றி நட்ட பிறகு மறுமுறையும் இறங்க வேண்டும். இரண்டு ஓட்டங்களின் நேரத்தையும் நூறில் ஒரு பங்கு விநாடி வரை கணக்கிட்டுக் கூட்டுவார்கள். குறைந்த நேரம் எடுத்தவரே வெற்றியாளர்.

ஆக, முதல் ஓட்டத்தில் பின்தங்கியவருக்கும் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. அந்த வாய்ப்பை எப்படிப் பயன்படுத்துவது என்பதை உலகத்துக்குக் காட்டியவர் சுவிட்சர்லாந்தின் வ்ரெனி ஷ்னைடர்.

அவர் 1964ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் பிறந்தார். ஊர், கிளாருஸ் மாநிலத்தில் மலைகள் சூழ்ந்த எல்ம் என்ற சிற்றூர். தந்தை காலணி செய்யும் தொழிலாளி. வசதியான குடும்பம் என்று சொல்வதற்கில்லை. வ்ரெனிக்குப் பதினாறு வயதானபோது தாயார் புற்றுநோயால் காலமானார். வீட்டுப் பொறுப்பு அந்த இளம்பெண்ணின் தோளில் விழுந்தது. பனிச்சறுக்குப் பயிற்சியோடு வீட்டு வேலையையும் சேர்த்துப் பார்த்தார். வாழ்க்கை அவருக்குக் கொடுத்த முதல் ஓட்டம் அப்படித்தான் இருந்தது.

1984 டிசம்பரில் உலகக் கிண்ணத் தொடரில் முதல் வெற்றியைப் பெற்றார். 1988இல் கனடாவின் கேல்கரி நகரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. அங்கே ஜயண்ட் ஸ்லாலம், ஸ்லாலம் ஆகிய இரண்டிலும் தங்கம் அவருக்கே. ஸ்லாலத்தில் இரண்டாவதாக வந்தவரை அவர் 1.68 விநாடி வித்தியாசத்தில் தோற்கடித்தார். நூறில் ஒரு பங்கு விநாடியில் பதக்கம் கைமாறும் விளையாட்டில் இது மிகப் பெரிய இடைவெளி.

அடுத்து வந்த 1988-89 பருவத்தில் உலகக் கிண்ணத் தொடரில் மட்டும் 14 வெற்றிகள். நடைபெற்ற ஏழு ஸ்லாலம் போட்டிகளிலும் அவரே முதலிடம். அதுவரை ஒரே பருவத்தில் 13 வெற்றிகள் பெற்று, சுவீடனின் இங்கெமார் ஸ்டென்மார்க் வைத்திருந்த சாதனையையும் அவர் முறியடித்தார். ஆண்கள், பெண்கள் இரு பிரிவிலும் முப்பது ஆண்டுகள் யாரும் எட்டாத எண்ணிக்கை அது. அமெரிக்காவின் மிக்காயலா ஷிஃப்ரின் 2018-19 பருவத்தில் 17 வெற்றிகள் பெற்றபோதுதான் அந்தச் சாதனை சாய்ந்தது.

ஆனால் நேயர்களே, ஏற்றம் மட்டுமே உள்ள வாழ்க்கை யாருக்கும் வாய்ப்பதில்லை. 1992 ஆல்பர்ட்வில் ஒலிம்பிக்கின்போது முதுகுவலி அவரை வாட்டியது. பெரும் எதிர்பார்ப்போடு சென்றவர், ஒரு பதக்கமும் இல்லாமல் வீடு திரும்பினார். அவர் காலம் முடிந்துவிட்டது என்று எண்ண அதைவிட வேறு என்ன காரணம் வேண்டும்?

அவர் விலகவில்லை. 1994இல் நார்வேயின் லில்லெஹாமர் ஒலிம்பிக்கில் மீண்டும் களம் இறங்கினார். அப்போது வயது 29. ஸ்லாலம் முதல் ஓட்டம் முடிந்தபோது ஐந்தாவது இடத்தில் இருந்தார். இரண்டாம் ஓட்டத்தில் முன்னால் இருந்த அத்தனை பேரையும் கடந்து, 0.34 விநாடி வித்தியாசத்தில் தங்கம் வென்றார். அதே ஒலிம்பிக்கில் ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் கிடைத்தன. ஆல்பைன் பனிச்சறுக்கில் மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் பெண் என்ற பெருமையும் அவரைச் சேர்ந்தது.

அவருடைய கடைசிப் பருவம் இன்னும் விறுவிறுப்பானது. 1995 மார்ச்சில் இத்தாலியின் போர்மியோவில் இறுதிப் போட்டி. ஒட்டுமொத்த உலகக் கிண்ணத்துக்கு அவரோடு மோதியவர் ஜெர்மனியின் காட்யா சைட்ஸிங்கர். முதலிடத்துக்கு 100 புள்ளி. இரண்டாம் இடத்துக்கு 80 புள்ளிதான். அந்த ஸ்லாலத்தில் வ்ரெனி முதலாவதாக வந்தார். இறுதிக் கணக்கு 1,248க்கு 1,242. ஆறே புள்ளிகள்! இரண்டாவதாக வந்திருந்தால் கிண்ணம் கைநழுவியிருக்கும். அதுவே அவரது 55ஆவது உலகக் கிண்ண வெற்றி. அதோடு முப்பது வயதில் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார்.

புகழின் உச்சியில் இருந்தவர் பெருநகரம் தேடிப் போகவில்லை. எல்ம் கிராமத்திலேயே குடும்பத்தோடு வாழ்ந்து, பனிச்சறுக்குப் பள்ளி நடத்தினார். தான் சறுக்கப் பழகிய மலையிலேயே ஊர்ப் பிள்ளைகளுக்கும் வழிகாட்டினார்.

தேர்வில் முதல் முறை மதிப்பெண் குறைந்துவிட்டது என்று துவண்டுபோகும் பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். தொழிலில் ஒருமுறை சறுக்கியதும் கடையை மூடிவிடும் பெரியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வ்ரெனியின் கதையைச் சொல்லுங்கள். லில்லெஹாமரில் ஐந்தாம் இடத்திலிருந்து அவரை முதலிடத்துக்குக் கொண்டுபோனது அதிர்ஷ்டம் அல்ல. முந்தைய ஓட்டத்தின் நேரத்தை இனி மாற்ற முடியாது என்று தெரிந்தும், அடுத்த கம்பின் மீது கண்ணை வைத்து அவர் இறங்கினாரே, அந்தத் துணிவுதான்.